18 வயதுக்குப் பின் ஆட்டிசப் பிள்ளைகளுக்கான சட்டப் பாதுகாவலர்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை பேரிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப் போய், "இனி அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்" என்ற பதிலைக் கேட்ட பிறகே பலர் இந்த விதியை அறிகிறார்கள். 18 வயது நிறைந்தவுடன் பெற்றோரின் இயல்பான பாதுகாவலர் உரிமை முடிந்துவிடுகிறது; ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை.

ஆட்டிசம் உள்ளிட்ட சில குறைபாடுகள் உள்ளவர்களின் நலனுக்கான மத்திய அரசு அமைப்பு நேஷனல் டிரஸ்ட். அதற்கான 1999ஆம் ஆண்டின் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்து, சட்டப் பாதுகாவலராக நியமனம் பெறலாம். ஆனால், அந்த நபருக்குப் பாதுகாவலர் தேவையா, எந்தக் காரியங்களுக்குத் தேவை என்பதைக் குழு ஆராய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெற்றோர் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கடைக்குத் தனியே போய்ச் சில்லறை எண்ணி வாங்கிவரும் ஓர் இளைஞருக்கு, நிலம், பத்திரம் போன்ற சொத்துக் காரியங்களுக்கு மட்டும் பாதுகாவலரைக் கேட்பது போதுமானதாக இருக்கலாம். உடை, உணவு, வெளியே போவது எல்லாவற்றையும் நம் கையில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்று நான் கருதவில்லை. நியமனம் பெற்றவர், பிள்ளையின் சொத்து விவரப் பட்டியலை ஆறு மாதத்துக்குள் அளிக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும்.

இதே வயதில் பள்ளியும் நின்றுபோகிறது. மணியடித்து நடந்த நாள் குலையும்போது தூக்கம் கெடுவதையும், அறைக்குள் முடங்குவதையும் "ஆட்டிசம் என்றால் அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆட்டிசம் உள்ள இளையோரிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாகக் காணப்படுகின்றன. அவற்றுக்குத் தனியே சிகிச்சை உண்டு. அரசு செலவில் மனநல சிகிச்சை பெறுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீடு, முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை கேட்காமல், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தெரபிச் செலவும் அதில் அடங்கும்.

இவை பலவற்றுக்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழே அடிப்படை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அது நாடு முழுவதும் செல்லும் என்பதால், பொள்ளாச்சிப் பக்கம் குடிமாறினாலும் செல்லாததாகிவிடாது. மாநில அரசின் உதவித்தொகை மட்டும் வசிப்பிடத்தைப் பொறுத்தது. மலையாளப் படிவம் கண்டு தயங்க வேண்டாம். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 முதலே இடம் தருகிறது.