குழந்தை யாரிடம் இருக்கும்? முத்திரைத்தாளை நம்பி உட்காராதீர்கள்

எங்கள் பக்கத்துத் தெருப் பெண் ஒரு முத்திரைத்தாளைக் கொண்டுவந்து காட்டினார். கசங்கிவிடக் கூடாதென்று லேமினேட் செய்திருந்தார். ஞாயிறு காலை அப்பா கூட்டிப்போய் மாலையில் கொண்டுவந்து விடுவார் என்று காவல் நிலையத்தில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட தாள் அது. மூன்றாவது ஞாயிறு பையன் திரும்பி வரவில்லை. அதே நிலையத்துக்கு ஓடினார். "இது குடும்ப விஷயம், கோர்ட்டுக்குப் போங்கம்மா" என்றார்கள். அப்படியானால் முதல் நாளே அதைச் சொல்லியிருக்கலாமே.

குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று உத்தரவு போடும் அதிகாரம் காவல் நிலையத்துக்கும் இல்லை, நோட்டரிக்கும் இல்லை. சென்னையில் வளரும் குழந்தைக்கு, உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நீதிமன்றத்துக்குப் போகலாம். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும், இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டின் சட்டமும் குழந்தையின் நலனைத்தான் முதலில் பார்க்கச் சொல்கின்றன.

ஐந்து வயது வரை குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்பது 1956 சட்டத்தில் உள்ளது. இதையே திருப்பி, "ஐந்து முடிந்ததும் அப்பாவிடம் போய்விடும்" என்று மிரட்டுகிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. "உனக்குச் சம்பளம் இல்லை, பிள்ளை கிடைக்காது" என்பதும் வெறும் மிரட்டல்தான். சம்பளம் இல்லை என்பதற்காக மட்டும் பிள்ளையைப் பிரிப்பதில்லை. ஜீவனாம்சம் தனியாகக் கேட்கலாம். விவரம் தெரிந்த குழந்தையென்றால் நீதிபதி தன் அறைக்குத் தனியாக அழைத்துப் பேசலாம். சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும்.

பலர் தோற்பது இன்னொரு இடத்தில். குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அங்குள்ள நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும். பிள்ளையைத் திடீரென்று மதுரைக்குத் தாத்தா வீட்டுக்குக் கொண்டுபோய், "வழக்கு இங்கேதான்" என்பார்கள். பள்ளிக் கட்டண ரசீது, தடுப்பூசி அட்டை, பள்ளி அடையாள அட்டை எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும். பெரியவர்கள் பேசி முடிப்பார்கள் என்று ஆறு மாதம் காத்திருந்தால், "குழந்தை அங்கே பழகிவிட்டது" என்பதே உங்களுக்கு எதிரான வாதமாகிவிடும்.

அசல் மனு இழுக்கும். எதிர்த்தரப்புக்கு அனுப்பிய சம்மன் "ஆள் இல்லை" என்று திரும்பும், கவுன்சிலிங்குக்கு ஒரு வாய்தா, பதில் மனுவுக்கு இன்னொரு வாய்தா. அதனால் அசல் மனுவோடு சேர்த்தே, வழக்கு முடியும்வரை குழந்தை யாரிடம் இருக்கும், யார் எப்போது பார்க்கலாம் என்று உத்தரவு கேட்கும் இடைக்கால மனுவையும் போடுங்கள். இதை யாரும் சொல்லாமல் ஒரு வருடத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாய்தாவைத் தவறவிட்டால் உங்கள் மனுவே தள்ளுபடியாகலாம்.

உத்தரவில் "அவ்வப்போது பார்க்கலாம்" என்று மட்டும் இருந்தால் சண்டை தீராது. எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம், யார் கொண்டுவந்து விடுவது, கோடை விடுமுறை எப்படிப் பங்கு, வீடியோ கால் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். மீறினால் தேதி குறித்துக்கொண்டு அதே நீதிமன்றத்துக்குப் போங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்று திரும்பிப்போக வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தர வேண்டும். 15100-க்குப் போன் செய்யலாம். அப்படி வந்த வக்கீல் கட்டணம் கேட்டால் ஆணைக்குழுவிலேயே புகார் கொடுங்கள்.

விவாகரத்து கிடைத்தால் போதுமென்று பிள்ளையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு. அது முடிந்துபோன கதை இல்லை. நிலைமை மாறியிருந்தால் உத்தரவை மாற்றக் கேட்கலாம். மேல்முறையீடு என்றால் 30 நாள்தான்.

அந்தப் பெண்ணுக்கு இடைக்கால உத்தரவு கிடைத்தது. சான்றிட்ட நகல் ஒன்றைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கி வந்தார். நீங்களும் அதைச் செய்யுங்கள். மாலை நான்கு மணிக்குக் கேட்டில் நிற்பவருக்கு நீதிமன்றம் என்ன சொன்னதென்று தானாகத் தெரியாது.