சத்தம் யாருக்கும் பழகுவதில்லை: ஆல்பம் செய்யும் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள்

பெங்களூரில் செவித்திறன் பரிசோதனை செய்துவரும் எனக்கு, கேட்கக் கேட்கச் சலிப்பூட்டும் வாக்கியம் ஒன்று உண்டு. "மேடம், எனக்கு சத்தம் பழகிடுச்சு." அண்மையில் அதைச் சொன்னவர், எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் வாடகை வீட்டின் ஓர் அறையை ஸ்டுடியோவாக்கி, நண்பர்களோடு சேர்ந்து எலெக்ட்ரானிக் டான்ஸ்-பாப் ஆல்பம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கும் தமிழ் இளைஞர். பகலில் ஐ.டி. வேலை, இரவில் இசை என்று எந்த நிறுவனத்தின் பணமும் இல்லாமல் இயங்கும் குழு அது. அவர்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆடியோகிராமை, அதாவது தாழ்ந்த ஓசை முதல் உச்ச ஓசை வரை ஒவ்வொன்றும் எவ்வளவு மெல்லியதாக ஒலித்தாலும் கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தை, மட்டும் மாற்றவில்லை.

அந்த ஆடியோகிராமில் 2,000 ஹெர்ட்ஸ் வரை கோடு ஒழுங்காகச் செல்கிறது. 4,000 ஹெர்ட்ஸ் என்ற உச்ச ஓசையில் இடது காது 45 டெசிபலுக்குச் சரிந்து (அதைவிட மெல்லிய ஒலி அங்கே கேட்பதில்லை), 8,000இல் மீண்டும் ஓரளவு ஏறுகிறது. உரத்த ஒலியால் ஏற்படும் பாதிப்பு பெரும்பாலும் இந்தப் பள்ளமாகவே தெரியும் என்பதால் காரணத்தைத் தேடி நான் அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவர் வந்தது கேட்கவில்லை என்று சொல்ல அன்று. இரவில் படுத்தால் காதுக்குள் 'ஙொய்' என்ற ரீங்காரம் நிற்பதில்லை என்பதே அவருடைய முறையீடு.

உடன் வந்திருந்த குழுவின் பாடகி வேறொன்றைச் சொன்னார். பதிவான ஓசைகளைக் கலந்து சமன்செய்ய, அதாவது மிக்ஸ் செய்ய, உட்காரும்போதெல்லாம் இவர் டிரம்ஸின் ஹை-ஹேட் தாள ஓசையையும் பாட்டின் ஸகர ஓசைகளையும் கூட்டிக்கொண்டே போகிறாராம்; மற்றவர்களுக்கு அது காதில் ஊசி குத்துவது போலிருக்க, இவரோ இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது என்று சாதிப்பாராம். மாதக்கணக்கில் அதை ரசனை வேறுபாடு என்று எண்ணிச் சண்டையிட்டு, ஒரு பாடலைக் கைவிடும் அளவுக்குப் போயிருக்கிறார்கள். தனக்குக் கேட்காத பகுதியைத்தான் அவர் கூட்டிக்கொண்டிருந்தார் என்பது ஆடியோகிராமைப் பார்த்த பிறகே அவர்களுக்குப் புரிந்தது.

இனி அந்தப் 'பழகிவிட்டது' என்பதற்கு வருகிறேன். செருப்பில்லாமல் நடப்பவரின் பாதத்தில் தோல் தடிப்பேறுவதைப் போலக் காதும் உரமேறிக்கொள்ளும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். ஒலியை நரம்புக்கு எடுத்துச்செல்லும் உட்செவியின் மயிரணுக்களுக்கு அப்படியொரு வசதி கிடையாது. மனிதனிடம் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதுமில்லை. முதல் அரை மணி நேரம் உறுத்திய சத்தம் பிறகு உறுத்தாமல் போகிறதென்றால், காது தற்காலிகமாக மந்தமாகிவிட்டது என்பதே பொருள். மறுநாள் காலையில் கேட்கும் திறன் திரும்பிவிடுகிறதே என்று வாதாடுவோருக்கு ஒரு செய்தி: 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் சுண்டெலிகளை உரத்த ஒலிக்கு உட்படுத்திப் பார்த்தபோது, கேட்கும் வரம்பு முழுமையாகத் திரும்பிய பிறகும் மயிரணுக்களுக்கும் செவி நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் நிரந்தரமாக அறுந்திருந்தன. ஆகவே பழகிவிட்டது என்று ஒருவர் சொல்லும்போது என் காதில் விழுவது, இழப்பு தொடங்கிவிட்டது என்பதுதான். இதைச் சொன்னால், "இது இரைச்சல் இல்லையே மேடம், மியூசிக்தானே?" என்று அடுத்த கேள்வி வரும். 97 டெசிபல் என்பது மரம் அறுக்கும் இயந்திரத்திலிருந்து வந்தாலும் சுருதி சுத்தமான சிந்தசைசரிலிருந்து வந்தாலும் 97 டெசிபல்தான்.

கணக்கு எளிது. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் அரசு நிறுவனமான நியாஷ் (NIOSH) பரிந்துரைக்கும் வரம்பு, ஒரு நாளில் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி, 97இல் அரை மணி, 100இல் கால் மணி. 97 டெசிபலில் ஆறு மணி நேரம் மிக்ஸ் செய்தவர், பன்னிரண்டு நாள் பங்கை ஒரே இரவில் செலவழித்திருக்கிறார். அதிலும் டான்ஸ்-பாப் டிராக்கை, ஒலியின் உச்சங்களை அமுக்கும் லிமிட்டரில் இறுக்கிவிட்ட பிறகு, ஏற்ற இறக்கமில்லாமல் ஒலி தொடர்ந்து வந்துகொண்டேயிருப்பதால் காதுக்கு இடையில் மூச்சுவிட நேரமே கிடைப்பதில்லை.

உரக்க வைத்தால்தான் பேஸ், அதாவது தாழ்ந்த ஓசை, 'பிடிக்கிறது' என்பார்கள். ஒலியளவு கூடும்போது தாழ்ந்த ஓசைகளும் உச்ச ஓசைகளும் நிறைந்து கேட்பது மனிதக் காதின் இயல்பு. அதனால் உரக்கக் கேட்ட மிக்ஸ் எல்லாம் நல்ல மிக்ஸாகத் தோன்றும், மறுநாள் காரில் மெதுவாகப் போட்டுப் பார்த்தால் பேஸைத் தேட வேண்டியிருக்கும். சுவரில் ஒட்டிய ஃபோம் அட்டைகள் பேஸைத் தடுக்காது என்பதால் மாடிவீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். உடனே ஹெட்போனுக்கு மாறி, வெளியே ஓடும் போர்வெல் சத்தத்தை அமுக்க அதையும் முழு அளவில் வைப்பீர்கள். போர்வெல் நிற்கும்வரை வேலையை நிறுத்தினால் ஆல்பம் கெட்டுப்போகாது.

சிறிய அறையில் 75 டெசிபல் அளவில் மிக்ஸ் செய்யுங்கள். ஸ்பீக்கரின் ஒலியளவுக் குமிழில் அந்த நிலைக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். உரக்கக் கேட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுக் குறையுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு நியாஷ் இலவசமாகவே ஒலிமானிச் செயலி தருகிறது. ஒத்திகைக்கும் இந்திராநகர் பப் மேடைக்கும் எல்லா ஓசைகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர் இயர்பிளக்குகளை வாங்குங்கள். பஞ்சு வேண்டாம், அது உச்ச ஓசையை மட்டும் மழுக்கும், காதைக் காக்காது. கோல்ட்பிளே குழுவின் கிறிஸ் மார்ட்டின் தனக்குக் காதில் ரீங்காரம் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லிக் காதுக் காப்புடன்தான் பாடுகிறார். உங்கள் கெத்து அவரைவிடப் பெரிதா என்ன?

பதிவைத் தொடங்குவதற்கு முன் குழுவில் எல்லோரும் ஒருமுறை ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து இரவு முழுக்க வேலை செய்துவிட்டு நேராக வராதீர்கள். 14 மணி நேரமாவது உரத்த ஒலி இல்லாமல் இருந்துவிட்டு வந்தால்தான் அந்த முடிவை நம்ப முடியும். தனியார் கட்டணம் சுமையென்றால், மைசூரில் மத்திய அரசின் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது.

கடைசியாக, ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால், பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றிக்கொண்டு வார இறுதி வரை காத்திருக்காதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு தேவைப்படும் நிலையாக இருந்தால் அது முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் நன்கு பலன் தரும்.