மாணவர் விசாவில் பார்ட் டைம் வேலை: எத்தனை மணி நேரம் பார்க்கலாம்?

"ஃபீஸை மட்டும் கட்டுங்க சார், மத்த செலவைப் பையன் பார்ட் டைம்ல பார்த்துக்குவான்." பெங்களூரில் ஜெயநகர், கோரமங்களா பக்கத்து கன்சல்டன்சிகளில் இந்தப் பேச்சு சர்வசாதாரணம். அல்சூரிலும் ராமமூர்த்தி நகரிலும் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கும் நம் குடும்பங்கள் இதை நம்பித்தான் துணிகின்றன. இந்தக் கணக்கு உதைக்கும்.

பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். பட்டப்படிப்போ முதுகலையோ முழுநேரமாகப் படிப்பவர், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். அதற்குக் கீழ்ப்பட்ட படிப்பென்றால் 10 மணி நேரம்தான். 21 வயது நிரம்பியவருக்கு 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. ஒரு மணி நேரம்கூட விடாமல் உழைத்தாலும் நாலு வாரத்துக்கு 977 பவுண்டுதான் தேறும். லண்டனில் படிக்க விண்ணப்பிப்பவரிடம் அந்த அரசாங்கமே மாதம் 1,529 பவுண்டு வீதம் வாழ்க்கைச் செலவுக்குக் கையிருப்பு கேட்கிறது. சாப்பாடு, வாடகைக்கே எட்டாத பணத்தில் ஃபீஸ் எங்கே கட்டுவது? அங்கே போய்ச் சம்பாதிக்கப்போகும் பணத்தை விசா விண்ணப்பத்தில் கையிருப்பாகக் காட்டவும் முடியாது.

அந்த 20 மணி நேரத்தை எண்ணும் விதத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. கடையில் ஆள் வரவில்லை என்று சனிக்கிழமை கூடுதலாக 3 மணி நேரம் நின்றால் 23 ஆகிவிடும். அடுத்த வாரம் 17 மணி நேரம் பார்த்து அதைச் சரிக்கட்ட முடியாது. இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். விடுமுறையில் முழுநேரம் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வருட முதுகலையில் கோடைக்காலம் பெரும்பாலும் ஆய்வறிக்கை எழுதும் காலம். அது விடுமுறைக் கணக்கில் வராது.

சுயதொழிலும் அங்கே கூடாது. உணவு டெலிவரி ஆப்பில் ஓட்டுவது பெரும்பாலும் சுயதொழிலாகத்தான் கருதப்படும். இன்னொருவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அதைவிட ஆபத்து. "இங்குள்ள ஐடி கம்பெனி வேலையை அங்கிருந்தே பார்க்கட்டுமா?" என்று கேட்கும் பெங்களூர்ப் பிள்ளைகள் நிறைய. பிரிட்டனில் உட்கார்ந்து பார்த்தால் அதுவும் 20 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். ஃப்ரீலான்ஸ் என்றால் அறவே கூடாது. கனடாவில் வேறு மாதிரி: வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆன்லைனில் பார்க்கும் வேலையை அவர்கள் தங்கள் வரம்பில் சேர்ப்பதில்லை. அங்கே கல்லூரிக்கு வெளியே பார்க்கும் வேலைக்கு, 2024 நவம்பர் 8 முதல் வாரத்துக்கு 24 மணி நேரம்.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். கேட்க எளிது, எண்ணுவது கஷ்டம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு புதிய 14 நாள் கணக்கு தொடங்கும். முதல் வாரம் 14, இரண்டாவது 32, மூன்றாவது 20 மணி நேரம் என்று வையுங்கள். முதல் இரண்டும் சேர்ந்து 46, தப்பித்தீர்கள். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் 52, விதி மீறியாகிவிட்டது. படிப்பு தொடங்கும் முன் வேலையில் சேரவும் கூடாது. விடுமுறையிலும், ஆராய்ச்சி முதுகலை, பிஎச்.டி. தொடங்கியவர்களுக்கும் இந்த வரம்பு இல்லை.

ஜெர்மனியில் 2024 மார்ச் முதல் வருடத்துக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள். அமெரிக்காதான் மிகக் கறார். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வகுப்புக் காலத்தில் வளாகத்துக்குள்ளேயே வாரம் 20 மணி நேரம். முதல் கல்வியாண்டு முடியும் முன் வெளி வேலை பொதுவாகக் கிடையாது. அதற்குப் பிறகும் படிப்போடு ஒட்டிய வேலைக்கு முன் அனுமதி வேண்டும். பெட்ரோல் பங்கில் ரொக்கக் கூலிக்கு நின்று பிடிபட்டால், மாணவர் என்ற தகுதியே போய்விடும்.

எந்த நாட்டிலும் மீறினால் விசா ரத்தாகலாம், பின்னால் வேறு விசா கேட்கும்போதும் அது குறுக்கே நிற்கும். ஆகவே கடனை முழுச் செலவுக்கும் சேர்த்தே போடுங்கள். கூலியைக் கைச்செலவாக மட்டும் எண்ணுங்கள். போய் இறங்கியதும் கல்லூரியிடம் வகுப்புத் தேதிகளையும் விடுமுறைத் தேதிகளையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பிரிட்டனில் மாணவரை வேலைக்கு எடுக்கும் முதலாளி அந்தத் தேதிகளுக்கான அத்தாட்சியைக் கேட்டு வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்காமல், ரொக்கமாகத் தருகிறேன் என்று கூப்பிடும் கடையில் சேர வேண்டாம்.