வைஃபை ஃபுல்லா காட்டுது, நெட் ஏன் வரலை?

மன்னார்குடி, நீடாமங்கலம் சுற்றுவட்டாரத்தில் ஃபைபர் இணைப்பு கொடுக்கிற வேலை எனக்கு. "தம்பி, வைஃபை ஃபுல்லா காட்டுது, நெட்டு மட்டும் வரலை" என்றுதான் நிறைய போன் வரும். நன்றாகப் படித்து, வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்க்கிறவர்களே அப்படித்தான் கேட்கிறார்கள். யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சில அடிப்படை விஷயங்கள் தெரிந்தால் பல கோளாறுகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம், பணத்தைப் பறிகொடுக்காமலும் இருக்கலாம்.

வைஃபை என்பது உங்கள் போனும் கூடத்தில் மாட்டியிருக்கிற பெட்டியும் கம்பி இல்லாமல், ரேடியோ அலை வழியாகப் பேசிக்கொள்வது, அவ்வளவுதான். போனில் தெரிகிற கோடுகள் அந்தப் பத்து இருபது அடி தூரத்தைப் பற்றி மட்டும்தான் சொல்லும். பெட்டியிலிருந்து வெளியே போகிற கேபிள் தெருமுனையில் அறுந்து கிடந்தாலும் கோடு முழுசாகத்தான் இருக்கும். அந்தக் கேபிள் வழியாக வருவதுதான் இன்டர்நெட், அதைக் கொடுக்கிற கம்பெனிதான் ஐஎஸ்பி.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு வேலை நடக்கிறது. கண்ணாடி இழையில் வருகிற ஒளியை மின் சிக்னலாக மாற்றுவது ஓஎன்டி, அதை வீட்டிலிருக்கிற போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர். இப்போது பெரும்பாலும் இரண்டும் ஒரே பெட்டியில் வந்துவிடுகின்றன. நெட் வரவில்லை என்றால் போனைப் பார்க்காதீர்கள், பெட்டியின் விளக்கைப் பாருங்கள். 'பான்' (PON) என்று எழுதிய விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் லைன் வருகிறது. 'லாஸ்' (LOS) விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை, பத்து தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் வராது. நம் பக்கத்தில் காரணமும் ஏறக்குறைய தெரிந்ததுதான். அறுவடைக் காலமென்றால் வைக்கோல் ஏற்றின டிராக்டர் தாழத் தொங்குகிற கேபிளை இழுத்துக்கொண்டு போயிருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையென்றால் தென்னை மட்டை விழுந்திருக்கும், இல்லையென்றால் எலி. இவை எதுவும் இல்லாமல், பீரோவை நகர்த்தும்போது பின்னாலிருக்கிற மெல்லிய வயர் மடங்கியிருந்தாலும் சிவப்பு எரியும், ஏனென்றால் கண்ணாடி இழை கூர்மையாக மடங்கினால் ஒளி அந்த இடத்திலேயே கசிந்துவிடும். மடிப்பை மெதுவாக நேராக்கிப் பாருங்கள். ஆனால் அந்த வயரைக் கழற்றி முனையைக் கண்ணால் உற்றுப் பார்க்கவே கூடாது, அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

"லாஸ் சிவப்பாக மின்னுகிறது" என்று போனிலேயே சொல்லிவிட்டால், லைன்மேன் கேபிள் ஒட்டுகிற மெஷினோடு வருவார். "நெட் வரலை" என்று மட்டும் சொன்னால் முதலில் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள் போய்விடும்.

அடுத்தது வேகம். 100 எம்பிபிஎஸ் ப்ளான் போட்டும் டவுன்லோடு 12 எம்பி வேகத்தில்தான் வருகிறது, ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்கே வருவார்கள். எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, ஃபைல் அளவு மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், ஆக 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி. அது சரியான வேகம்தான். ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் குறைவது வேறு விஷயம். ஜிபான் என்கிற முறையில் சுமார் 2.5 ஜிகாபிட்டை ஒரே இழையிலிருந்து 32 வீடு, 64 வீடு என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் கடைமடைக்கு என்ன வருமோ அதுதான் வரும்.

பின்கட்டு அறையில் மட்டும் நெட் இழுக்கிறது என்றால் அது சுவரின் வேலை. கும்பகோணத்துப் பழைய வீடுகளின் கனத்த சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபை எளிதில் தாண்டாது. அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைப் போடுங்கள், வேகம் குறைவு, ஆனால் தூரம் போகும்.

இணையத்தில் இருக்கிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் உண்டு, அதுதான் ஐபி முகவரி. பழைய முறையில் மொத்தம் சுமார் 430 கோடி எண்கள்தான், உலகத்துக்கே போதவில்லை. அதனால் வீட்டுக்குள் 192.168 என்று தொடங்கும் உள் எண்களைக் கொடுத்துவிட்டு, வெளியே எல்லாக் கருவிகளும் ஒரே எண்ணில் போகின்றன. பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பாஸ்வேர்டு கொடுத்தால் அவன் செய்வதும் உங்கள் இணைப்பின் கணக்கில்தான் பதிவாகும். விசாரணை என்று வந்தால் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். பிரவுசரில் பெரும்பாலும் 192.168.1.1 என்று அடித்தால் ரவுட்டரின் செட்டிங் திறக்கும். அதன் பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

தளத்தின் பெயரை நாம் அடித்தால் அதற்குரிய எண்ணைத் தேடிக் கொடுப்பது டிஎன்எஸ். 1983-ல் வந்த ஏற்பாடு. அதில் ஒரு விதி உண்டு, அதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோடு வரைக்கும் எடுத்துக்கொண்டு, அதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். அரசுத் தளமென்றால் அந்தப் பகுதி பெரும்பாலும் 'கவ் டாட் இன்' (.gov.in) அல்லது 'நிக் டாட் இன்' (.nic.in) என்று முடியும். 'பிஎம்கிசான் டாட் கவ் டாட் இன்' என்று தொடங்கி, அதே பகுதி வேறு ஏதோ பெயரில் முடிந்தால் அது போலி. பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்பவும் வேண்டாம். நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் பூட்டு, எதிர்முனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்லாது.

விவசாயிகளுக்கு வாட்ஸ்அப்பில் போலி ஆப்பே 'ஏபிகே' ஃபைலாக (போனில் நேரடியாக ஆப்பை ஏற்றுகிற ஃபைல்) வருகிறது, உதவித்தொகை ஆப் என்று பெயர் போட்டு. அதை ஏற்றினால் உங்கள் ஓடிபி மெசேஜ் உங்களுக்குத் தெரியாமலேயே வேறொருவனுக்குப் போகும். ஏற்றிவிட்டீர்களா, முதலில் மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள், நெட் இல்லாவிட்டால் அந்த ஆப் மெசேஜை இணையம் வழியாக அனுப்ப முடியாது. எஸ்எம்எஸ் ஆகவும் அனுப்பும் ஆப்கள் இருப்பதால் ஏரோபிளேன் மோடு போடுவது இன்னும் நல்லது. அப்புறம் வேறு ஒரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள், பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.