நிறத் தகவமைவா, நிறத் தகவமைப்பா?

மானிட்டரை அளவுதிருத்தும் சில மென்பொருள்களில் ‘குரோமாட்டிக் அடாப்டேஷன்’ என்றொரு தேர்வு இருக்கும். எதிரே பிராட்ஃபோர்டு, வான் கிரீஸ், கேட்02 என்று கணக்கு முறைகளின் பெயர்கள் வரிசைகட்டி நிற்கும்.

குரோமா என்றால் கிரேக்கத்தில் நிறம். அடாப்டேஷன், ‘பொருந்தச் செய்’ என்னும் லத்தீன் வினையின் வழிவந்தது. இதற்குத் ‘தழுவல்’ என்று எழுதுவோர் உண்டு. நாடகத்துக்குச் சரி, நிறத்துக்கு ஒட்டாது. உயிரியல் பாடங்களில் புழங்கும் ‘தகவமைப்பு’ நெருங்கி வருகிறது. தகவு என்றால் பொருத்தம்.

ஆனால் அமைவது வேறு, அமைப்பது வேறு. மஞ்சள் பல்பு வெளிச்சத்திலும் வெள்ளைத்தாள் சற்று நேரத்தில் நமக்கு வெள்ளையாகவே படுகிறது. அது கண்ணில் தானே நிகழ்வது: நிறத் தகவமைவு. ஒரு வெண்புள்ளியில், அதாவது வெள்ளை என்று கொள்ளும் ஒரு நிறத்தை வைத்து, அளந்த எண்களை இன்னொரு வெண்புள்ளிக்கு மென்பொருள் கணக்குப் போட்டு மாற்றுவது நிறத் தகவமைப்பு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டது. அறை வெளிச்சத்துக்கேற்பத் திரையின் நிறத்தை மாற்றும் வசதிதான் இது என்று பலர் நினைப்பது அதனால்தான். அந்த வசதியையும், இரவில் திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ வசதியையும் அளக்கும் முன்பே அணைத்துவிட வேண்டும்.

கணக்கு ஏன் வேண்டும்? மானிட்டரின் வெள்ளை பெரும்பாலும் டி65 என்னும் வெண்புள்ளி. ஒரு கருவி நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று விவரிக்கும் கோப்புகளே புரொஃபைல்கள்; அவற்றுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு ஐசிசி. அந்தப் புரொஃபைல்கள் பேசும் பொதுமொழியோ சற்று மஞ்சளான வெள்ளையாகிய டி50. கண்ணில் நிறத்தை உணரும் கூம்புச் செல்களின் மூன்று வகையையும் தனித்தனியே பெருக்கிச் சரிசெய்யலாம் என்ற கருத்தை 1902இல் முன்வைத்தவர் ஜெர்மன் உடலியலாளர் வான் கிரீஸ். அதைச் செம்மையாக்கியதே பிராட்ஃபோர்டு. அது ஆள் பெயரன்று, இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் உள்ள ஊரின் பெயர்.

திரைகளுக்கான பொது நிறத் தரமான எஸ்ஆர்ஜிபியின் முழு நீலத்தை எடுத்துக்கொள்வோம். எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று எண்களால் நிறத்தைக் குறிப்பார்கள்; ஒய்தான் ஒளிர்வு. டி65இல் அதன் எக்ஸ் மதிப்பு 0.1805, ஒளிர்வு 0.0722. பிராட்ஃபோர்டு வழியே டி50க்கு வந்தால் 0.1431, 0.0606. கூம்புகளுக்குப் போகாமல் எக்ஸ்ஒய்இசட் எண்களையே நேராகப் பெருக்கினால் 0.1831, ஒளிர்வு அசையாது. எந்த முறையானாலும் வெள்ளை டி50இல்தான் போய் நிற்கும். ஆகவே சாம்பல் பட்டையைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. அடர்நீலத்தில்தான் சாயல் பிசகும்.

தேர்வு பிராட்ஃபோர்டாகவே இருக்கட்டும். ஐசிசி பரிந்துரைப்பதும் அதுவே; புழக்கத்திலுள்ள புரொஃபைல்களில் பெரும்பாலானவை அதன்படி கணக்கிட்டவை. உங்களுடையது மட்டும் வேறு முறையில் இருந்தால், ஒரு புரொஃபைலிலிருந்து இன்னொன்றுக்கு நிறத்தை மாற்றும்போது இரண்டும் பொருந்தாது. இலக்கு வெள்ளையே டி50 என்றால் எதைத் தேர்ந்தாலும் ஒன்றுதான், மாற்ற எதுவுமில்லை.

இந்தத் தேர்வு புரொஃபைலுக்குள் எழுதப்படும் எண்களை மட்டுமே தொடும். வீடியோ கார்டில் ஏறும் திருத்த வளைவுகளைத் தொடாது. தேர்வை மாற்றிய பின்னும் டெஸ்க்டாப் அப்படியே இருக்கிறதே என்று மறுபடி அளக்க உட்கார வேண்டாம். வித்தியாசம் இருந்தால், புரொஃபைலைப் படிக்கும் செயலிகளில் மட்டுமே தெரியும்.