அறிவுரை வேறு, ஆற்றுப்படுத்துதல் வேறு

"தம்பதியர், குடும்பத்தினர், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இலவச அறிவுரை." மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கோயில் பலகையிலும் மண்டபத்து வாசலிலும் வாட்சாப்பிலும் இந்த மாதிரி அறிவிப்பைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டது. நாம் பேச்சில் கவுன்சலிங் என்று சொல்வதைத்தான் இப்படி எழுதுகிறார்கள். தமிழில் எழுத நினைத்தது நல்ல எண்ணம். ஆனால் அறிவுரை என்ற சொல், வரவேண்டியவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

கவுன்சலிங் என்ற சொல்லின் பிறப்பு எளியது. லத்தீன் மொழியில் 'கொன்சிலியும்' என்றால் கூடி ஆராய்தல், யோசனை. அது பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்து 'கவுன்சல்' ஆனது. 1908இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிராங்க் பார்சன்ஸ் இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். இந்தத் துறையின் வரலாற்றை அங்கிருந்துதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். 1942இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் தம் நூலில், புத்தி சொல்வதையும் இணங்க வைப்பதையும் பழைய முறை என்று ஒதுக்கினார். வந்தவர் பேச வேண்டும், கேட்பவர் தீர்ப்புச் சொல்லாமல் கேட்க வேண்டும், முடிவு வந்தவருடையது என்றார். ஆகவே வேர்ச்சொல்லை மட்டும் பார்த்தால் அறிவுரை பொருந்துவது போலத் தோன்றும். இன்று அந்த அறைக்குள் நடக்கும் வேலையைப் பார்த்தால் பொருந்தாது.

அறிவுரைக்கு நம்மிடம் என்றைக்குப் பஞ்சம் இருந்தது? தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் கணவன் மனைவி சண்டை என்றால் கங்காணி வருவார், கோயில் பெரியவர் வருவார், பக்கத்து வீட்டு அக்கா வருவார். "நீதாம்மா கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, எல்லாரும் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் வந்த பிறகும் அந்த வசனம் மாறவில்லை. அடி வாங்கிய பெண்ணுக்கும் அதே வசனம்தான். பதினைந்து வயதுப் பையனோ வீட்டில் அப்பாவிடமும் பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியரிடமும் விருந்துக்கு வந்த மாமாவிடமும் அறிவுரை கேட்டே காது புளித்தவன். அவனிடம் போய், இங்கேயும் அறிவுரைதான், ஆனால் இலவசம் என்றால் வருவானா? அவனுக்கு இதுவரை கிடைக்காத ஒன்று, குறுக்கே பேசாமல் கேட்கும் ஒரு பெரிய மனிதர். அதைச் சொல்லும் சொல் பலகையில் இல்லை.

இந்தக் குழப்பத்தின் ஊற்று மலாய் அறிவிப்புகளை அவசரமாக மொழிபெயர்ப்பதுதான் என்று நினைக்கிறேன். மலாயில் 'நசிஹாட்' (அறிவுரை) வேறு, 'கவுன்செலிங்' வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவார்கள், ஒன்றை மற்றொன்றாக்க மாட்டார்கள். நம்மவர்கள் இரண்டுக்கும் ஒரே அறிவுரையைப் போட்டு மூடிவிடுகிறார்கள். பத்திரிகையில் இன்னொரு கலப்பும் உண்டு. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி, ஒரு தரப்பு மட்டும் மணவிலக்கு கேட்டால், சில விதிவிலக்குகள் தவிர, முதலில் சமரசக் குழுவிடம் போக வேண்டும். அந்தக் குழுவுக்கு ஆறு மாத அவகாசம். அது சமரசம், இருவரையும் சேர்த்து வைக்க முடியுமா என்று பார்ப்பது. அதையும் கவுன்சலிங் என்று எழுதினால், கவுன்சலிங் போனாலே விவாகரத்துதான் என்று பயந்து தம்பதிகள் ஒதுங்கிவிட மாட்டார்களா?

சரி, வேறு என்ன சொல் இருக்கிறது? ஆலோசனை வடசொல், அது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, அதுவும் யோசனை சொல்வதையே குறிப்பது. 2006இல் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த கடன் நிர்வாக நிறுவனத்தின் வேலையைக் கடன் ஆலோசனை என்றால் ஒப்புக்கொள்கிறேன். அங்கே கணக்குப் போட்டுத் திட்டம் சொல்கிறார்கள். கலந்தாய்வு தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரி இடம் ஒதுக்கும் வேலைக்குப் போய்விட்டது, விட்டுவிடலாம். இலங்கைத் தமிழர் புழங்கும் உளவளத்துணை அழகான சொல், அதில் உள்ள 'துணை' எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் தஞ்சோங் ரம்புத்தான் இருக்கிறது. 1911 முதல் அங்கே மனநல மருத்துவமனை இருப்பதால், ஊர்ப் பெயரையே பைத்தியத்துக்கு மறுபெயராக்கி வைத்திருக்கிறோம். அது கொடுமையான பழக்கம், மாற வேண்டியது. மாறும் வரைக்கும், 'உளம்' என்று தொடங்கும் பலகையைக் கண்டால் ஒரு மாமியாரும் மருமகளை அந்தப் படி ஏற விடமாட்டார்.

எனக்குப் பொருத்தமாகப் படுவது ஆற்றுப்படுத்துதல். தமிழ்நாட்டில் இத்துறையினர் ஏற்கெனவே புழங்கும் சொல் இது. ஆறு என்றால் வழி. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் எதிர்ப்படும் இன்னொரு பாணனுக்கு வழி காட்டுவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து அந்த வகை. "அதுவும் வழி சொல்வதுதானே, அறிவுரையிலிருந்து என்ன வேறுபாடு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வழியைக் காட்டியவன் விலகிக்கொள்கிறான், நடப்பது மற்றவன். காட்டுபவன் உயரத்தில் நின்று பேசுவதில்லை, அவனும் அதே பசியைக் கண்டவன். அப்புறம், ஆற்றுதல் என்ற சொல்லுக்குச் சூடு தணித்தல் என்றும் பொருள். தேநீரை இழுத்து ஆற்றும் தே தாரிக் கடைக்காரர் செய்வது அதுதான். அகப்பாடல்களில் தலைவன் பிரிவால் வாடும் தலைவியைத் தோழி ஆற்றுவிப்பாள். இலக்கணப்படி இவை வேறு வேறு சொற்கள், இரண்டையும் ஒன்று என்று நான் வாதாடவில்லை. ஆனால் இலக்கியம் படிக்காதவர் காதிலும் ஆறுதல் ஒலிக்கிறது என்பது இந்தச் சொல்லுக்குக் கிடைத்த பேறு.

நீளமான சொல், வாயில் நுழையாது என்பார்கள். 'ஒருங்கிணைப்பாளர்' நுழைந்த வாயில் 'ஆற்றுப்படுத்துநர்' நுழையாதா? பழகும் வரை பலகையில் "குடும்ப ஆற்றுப்படுத்துதல்" என்று பெரிதாக எழுதி, கீழே "கவுன்சலிங்" என்று சிறிதாகப் போடுங்கள். அதற்கும் கீழே, பேசுவது வெளியே போகாது என்று ஒரு வரி எழுதுங்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தத் தொழில் செய்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆகவே பதிவு பெற்றவரா என்பதையும் மறக்காமல் போடுங்கள். பதிவு இல்லாத பெரியவர் வந்து புத்தி சொல்லப்போகிறார் என்றால் மட்டும் அறிவுரை என்றே எழுதிக்கொள்ளலாம்.