ஐந்து வார்த்தைப் பட்டியலோடு வராதீர்கள்

தன் விழுமியங்களின் (வேல்யூஸ், அதாவது வாழ்க்கையில் தனக்கு எது முக்கியம் என்பதன்) பட்டியலோடு என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர்களில் இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். நாற்காலியில் உட்கார்ந்ததுமே போனை எடுத்து ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினார். ஏதோ ஒரு ஆன்லைன் டெஸ்ட், அது அவருக்கு ஐந்து வார்த்தைகளைக் கொடுத்திருக்கிறது: குடும்பம், நேர்மை, சுதந்திரம், பாதுகாப்பு, வளர்ச்சி. "என் வேல்யூஸ் என்னன்னு கண்டுபிடிச்சாச்சு மேடம், ஆனா இந்த வேலையை விடறதா வேண்டாமான்னுதான் இன்னும் தெரியல" என்றார். (ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன், தேட வேண்டாம்.)

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னார். ஏழரைக்கு வீட்டுக்கு வந்தது, வந்ததும் லேப்டாப்பைத் திறந்தது, மகள் தான் வரைந்த படத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே "சூப்பர்டா செல்லம்" என்றது, அவள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. என் நோட்டில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

பட்டியல்களே கூடாது என்று சொல்ல வரவில்லை. என் மேசையிலும் ஒரு அட்டைக்கட்டு இருக்கிறது. 2001இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வில்லியம் மில்லரும் சக ஆய்வாளர்களும் உருவாக்கியது, 83 அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு விழுமியம். மிக முக்கியம், முக்கியம், எனக்கு முக்கியமில்லை என்று பிரித்து அடுக்கச் சொல்வோம். அடுக்கும்போது ஆள் எந்த அட்டையில் தயங்குகிறார், எதை இங்கே வைத்துவிட்டு மறுபடி அங்கே மாற்றுகிறார், அப்போது என்ன முணுமுணுக்கிறார் என்பதில்தான் எங்களுக்கு வேலை. மேலே மிஞ்சும் ஐந்து அட்டையை ரத்தப் பரிசோதனை ரிசல்ட் மாதிரி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவதற்கு அல்ல.

இதில் இன்னொரு சிக்கல். ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்ற உளவியலாளர் 1992இல் பத்து அடிப்படை விழுமியங்களை ஒரு வட்டமாக அடுக்கிக் காட்டினார். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை மோதும். சுதந்திரம், அதாவது தன் இஷ்டப்படி வாழ்வதும் பாதுகாப்பும் ஒரே பக்கத்தில் இல்லை. ஸ்கிரீன்ஷாட்டோடு வந்தவருடைய பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. வேலையை விடுவதா வேண்டாமா என்று இவர் தவிப்பதே அந்த இரண்டுக்கும் நடக்கிற சண்டைதான், அதைப் போய் அந்தப் பட்டியலிடமே கேட்டால் அது என்ன சொல்லும்?

சரி, எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். "உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்வது இலக்கு. வீடு வாங்கணும், மேனேஜர் ஆகணும், பிள்ளையை டாக்டராக்கணும். இவை எதுவும் தப்பில்லை, ஆனால் விழுமியம் இல்லை. வீட்டை வாங்கிவிட்டால் அந்த வரியை அடித்துவிடலாம். அன்பான அப்பாவாக இருப்பதை என்றைக்கு அடிப்பீர்கள்? மகளுக்குக் கல்யாணம் ஆன மறுநாளா? மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் தலையாட்டிவிட்டு அடுத்த வாரமும் இலக்கோடுதான் வருகிறீர்கள்: முடித்துவிட்டேன் என்று சொல்ல முடிந்தால் அது இலக்கு. செய்கிற காரியத்தை எப்படிப்பட்ட ஆளாக இருந்து செய்கிறீர்கள் என்பதுதான் விழுமியம். தேர்வில் தோற்றுவிட்டு 'இனி வாழ்க்கையில் ஒன்றுமே இல்லை' என்று உடைந்துபோய் வருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான் இந்தக் குழப்பம் எவ்வளவு பெரிய சேதம் செய்கிறது என்று தெரியும். போனது ஒரு இலக்கு. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும்போது அந்தப் பிள்ளையின் கண்ணில் வருகிற வெளிச்சம் எங்கேயும் போகவில்லை, ஆனால் வீட்டில் யாரும் அதைக் கவனித்ததாகவே தெரியாது. அப்புறம் 'சந்தோஷமா இருக்கணும்' என்பதும் விழுமியம் இல்லை. அது ஒரு உணர்ச்சி, வரும், போகும்.

'கோபப்படக் கூடாது, யாரையும் புண்படுத்தக் கூடாது' என்று எழுதிக்கொண்டு வருபவர்களுக்கு ஒன்று. ஆக்டன் லிண்ட்ஸ்லி என்ற நடத்தை ஆய்வாளர் 1960களில் ஒரு சோதனை சொன்னார்: செத்துப்போனவரால் செய்ய முடிந்தால் அது நடத்தையே இல்லை. பிணம் யாரிடமும் கோபப்படாது, உங்களைவிட நன்றாகவே அதைச் செய்யும். எதைச் செய்யப்போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

எங்கே தேடுவது என்றால், வலிக்கிற இடத்தில். குரல் இறங்குகிற இடம், யாரைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறதோ அந்த இடம். தனிமையாக உணர்வதாக ஒருவர் அழுகிறார் என்றால் மனிதர்கள் அவருக்கு முக்கியம், இதற்கு டெஸ்ட் எதற்கு? அடுத்து, யாருக்குமே தெரியப்போவதில்லை, யாரும் பாராட்டப் போவதில்லை என்றாலும் இதைச் செய்வேனா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று பதில் வந்தால் அது பெரும்பாலும் யாரோ ஊட்டி, மெல்லாமல் முழுங்கியது. முழுங்கியதை எல்லாம் துப்ப வேண்டும் என்றில்லை, மென்று பார்த்துப் பிடித்தால் வைத்துக்கொள்ளலாம்.

கெல்லி வில்சன் என்ற உளவியலாளரின் கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. பெற்றோராக இருப்பது, நட்பு, வேலை, உடல்நலம் என்று பத்துத் துறைகள். ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று பத்துக்கு மதிப்பெண், போன வாரம் அதற்கேற்ப எவ்வளவு நடந்தீர்கள் என்று பத்துக்கு இன்னொன்று. நம் ஸ்கிரீன்ஷாட் மனிதர் பெற்றோர் என்ற இடத்தில் 10 போட்டார், பக்கத்தில் 2 போட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை.

எச்சரிக்கைகள். நேர்மை என் விழுமியம் என்று சொல்லிக்கொண்டு அடுத்தவரைக் குத்திப் பேசாதீர்கள். விழுமியம் உங்கள் நடைக்கு, உங்கள் மனைவியையோ மாமியாரையோ அளக்க இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டியல் போட்டுவிட்டு திங்கட்கிழமை ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. அடி வாங்கிக்கொண்டு 'குடும்பம்தான் என் விழுமியம்' என்று யாராவது அந்த வீட்டிலேயே இருந்தால், முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்: இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன என்றால் அது விழுமியம் தெரியாத பிரச்சினை இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். அந்த நிலையில் எந்த அட்டையும் முக்கியமாகத் தெரியாது. முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

அவர் வேலையை விடுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை. இப்போதைக்கு வீட்டுக்கு வந்ததும் அரைமணி நேரம் லேப்டாப் பையிலேயே இருக்கும் என்று மட்டும் முடிவு செய்தோம். முதல் வாரத்தில் மூன்று நாள் நடந்தது. நான்காவது நாள் நடக்கவில்லை, மகளே வந்து பை ஜிப்பை மூடிவிட்டுப் போனாளாம்.